கண்ணாடிக்குள் மாட்டிய பத்தாம் வகுப்பு: ஃபோட்டோஸ்கேன் செயலி, என் அனுபவம்

1994-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் எல்லாரும் 30 வருடம் கழித்துக் கூடுவது என்று முடிவானதும் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். குழுவில் வாயே திறக்காமல் இருந்த பாவத்துக்கு என் தலையில் 'ஃபோட்டோ டிபார்ட்மென்ட்' விழுந்தது. கையில் இருந்ததோ ஒரே ஒரு குரூப் ஃபோட்டோ. பத்துக்கு எட்டு அங்குலத்தில் ஆசிரியர்களைக் கணக்கில் சேர்க்காமலே 43 பேர். அதுவும் ஃபிரேமுக்குள் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிப்போயிருந்தது.

இப்படி ஒட்டிய படத்தைப் பிய்க்கக் கூடாது. மேலே இருக்கும் ஜெலட்டின் அடுக்கு ஈரப்பதத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் காகிதம் நம் கையோடு வரும், முகம் கண்ணாடியோடு தங்கிவிடும். இதை நான் தெரிந்துகொண்டது, ஓரத்தில் நகத்தை நுழைத்து நெம்பிப் பார்த்த பிறகு. தரையில் உட்கார்ந்திருந்தவன் ஒருவனின் இடது கால் போய்விட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

சரி, கண்ணாடியோடு சேர்த்தே எடுத்துவிடலாம் என்று போன் கேமராவை நீட்டினால் அதில் ஜன்னல் தெரிகிறது, என் கை தெரிகிறது, தலைமையாசிரியரின் தலைக்குப் பின்னால் ட்யூப்லைட் சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி நிற்கிறது. அப்போதுதான் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் ஞாபகம் வந்தது. 2016 நவம்பரில் வந்த இலவசச் செயலி. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் உண்டு.

இது வேலை செய்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் படம் முழுவதையும் ஒரு தடவை எடுக்கச் சொல்லும். அப்புறம் திரையில் நான்கு வெள்ளைப் புள்ளிகள் வரும். நடுவில் இருக்கும் வட்டத்தை ஒவ்வொரு புள்ளியின் மேலும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். போன் நகர நகர ஒளித்திட்டும் இடம் மாறும் அல்லவா? ஒரு படத்தில் வெளுத்துப்போன இடம் அடுத்த படத்தில் தெளிவாக விழுந்திருக்கும். தெளிவான பகுதிகளை மட்டும் பொறுக்கி ஒட்டி ஒரே படமாகக் கொடுக்கிறது. விளிம்பைத் தானே கண்டுபிடித்து வெட்டி, கோணலையும் நிமிர்த்திவிடுகிறது.

ஒரே ஒரு விஷயம்: போனைச் சாய்க்கக் கூடாது, மேசைக்கு இணையாக அப்படியே நகர்த்த வேண்டும். நான் முதல் மூன்று தடவையும் கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்த்துத்தான் சொதப்பினேன். நான்காவது தடவை தலைமையாசிரியர் ஒளிவட்டம் நீங்கிச் சாதாரண மனிதராகத் திரும்பி வந்தார். இந்த வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

ஆனால் எங்களுக்கு அது மட்டும் போதவில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையில் ஒவ்வொருவரின் பழைய முகத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1975-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளி முடித்த 392 பேரிடம் அவர்களுடைய ஆண்டு மலரின் படங்களைக் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். பள்ளி முடித்து 30 வருடம் தாண்டியவர்களும் தங்களோடு படித்தவர்களின் முகங்களைச் சுமார் 90 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார்களாம். ஆனால் எதையும் காட்டாமல் பெயர்களை மட்டும் நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அவர்கள் பார்த்தது அந்தக் காலத்து முகம் என்பதை மறந்துவிடக் கூடாது. தொப்பையும் நரையுமாக எதிரே வந்து நிற்கிற ஆளை வைத்து அந்த ஆய்வை நடத்தவில்லை.

ஃபோட்டோஸ்கேன் கொடுத்த படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டிப் பெரிதாக்கினால் மூக்கும் வாயும் மாவாகக் கரைந்துவிட்டன. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பிரிண்டில் ஒரு முகத்தின் அகலமே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. நல்லவேளையாக, இன்னொருத்தியின் வீட்டில் கண்ணாடி போடாத பிரதி ஒன்று கிடைத்தது. அதைச் சாதாரண மேசை ஸ்கேனரில் 1200 டிபிஐ (அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளிகள்) வைத்து எடுத்தோம். அச்சுக்கு 300 இருந்தால் போதும் என்பதால், முகத்தை நான்கு மடங்கு பெரிதாக்கியும் தாங்கியது. ஆக, கண்ணாடிக்குள் இருக்கும் படத்துக்கு ஃபோட்டோஸ்கேன், குரூப்பிலிருந்து முகம் எடுக்க மேசை ஸ்கேனர். ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுக்க வேண்டாம். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

அன்றைக்கு வாசலில் ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் நேரே சட்டைக்குத்தான் போயிற்று. அட்டையைப் பார்த்து, நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, மறுபடியும் அட்டையைப் பார்த்து, "அடிப்பாவி, ரெட்டைச் சடையா நீ!" என்று ஒருத்தி என் தோளில் வைத்த அடி இரண்டு நாள் வலித்தது. ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அட்டை மட்டும் இல்லையென்றால் அவளும் நானும் "நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு விலகிப் போயிருப்போம்.

ஒருவனுக்கு மட்டும் அட்டையில் கொடுக்க முகமே இல்லை. ஃபோட்டோவுக்குக் கீழே 'நிற்பவர்கள் இடமிருந்து வலம்' எல்லாம் முடிந்த பிறகு 'வராதவர்' என்று ஒரே ஒரு பெயர் இருக்கும்; அது அவன். அட்டையில் வெள்ளைக் கட்டம்தான் போட முடிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு முதலில் எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது அவனைத்தான். "ஃபோட்டோ அன்னிக்கு லீவு போட்டவன் நீதானே?" என்று ஆளாளுக்குக் கேட்க, அவன் பேனாவை வாங்கிக் கட்டத்துக்குள் இரண்டு கண்ணும் ஒரு மீசையும் வரைந்துகொண்டான்.

கடைசியில் பழைய வரிசைப்படியே நின்று ஒரு படம் எடுத்தோம். அவனுக்கு வலது ஓரத்தில் இடம் ஒதுக்கினோம். மூன்று தடவை எடுத்தும் மூன்றிலும் கண்ணை மூடியிருக்கிறான்.