மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி: ஒரு மதிப்புரை

மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் படைப்பாற்றலையும் சமூகத் திறன்களையும் வளர்ப்பதற்கென்றே அமைந்த இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். முதற்பகுதியைப் படைப்பாற்றலுக்கும் இரண்டாம் பகுதியைப் பழகும் திறனுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தப் பிரிவினையே பயிற்சியின் பெரிய குறை என்பது என் கருத்து. ஏனெனில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளிடையே நிற்கும் ஆசிரியருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே நொடியில்தான் தேவைப்படுகின்றன.

முதற்பகுதி 1837-இல் ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் தொடங்கிய மழலையர் பள்ளி, 1907-இல் ரோம் நகரில் இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி திறந்த ‘குழந்தைகள் இல்லம்’ என்ற பள்ளி என்று வரலாற்றை வேகமாகத் தொட்டுவிட்டுக் கைவேலைக்குள் நுழைகிறது. படப்பிடிப்பு அழகாக இருக்கிறது. ஆனால் ஆசிரியர் முன்கூட்டியே வெட்டிவைத்த துண்டுகளைக் குழந்தைகள் ஒட்டுவதுதான் அதில் காட்டப்படும் படைப்பாற்றல். ஒரு காட்சியில் வண்ணக் காகித மீன் செய்கிறார்கள். ஒரு சிறுமி கண்ணைக் கொண்டுபோய் வாலில் ஒட்டுகிறாள். பயிற்றுநர் புன்னகை மாறாமல் அதைப் பெயர்த்தெடுத்து முகத்தில் ஒட்டிவிடுகிறார். பின்னால் வருவதைப் பார்க்கும் மீனா அது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வகுப்புக்கே ஒரு கதை கிடைத்திருக்கும். அந்தக் காட்சியைச் சிறந்த முன்மாதிரியாகக் காட்டியிருப்பதுதான் வருத்தம்.

இப்பகுதியில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். படைப்பாற்றலை உளவியலாளர்கள் முறையாக ஆராய வேண்டும் என்று 1950-இல் வலியுறுத்திய அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டின் வழியில், செங்கல் போன்ற சாதாரணப் பொருளுக்கு எத்தனை விதமான பயன்கள் சொல்ல முடியும் என்று ஆசிரியர்களையே யோசிக்க வைக்கிறார்கள். கலகலப்பான பயிற்சி, ஆனால் வகுப்பறையோடு அதை இணைத்துக்காட்டாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் பகுதி முற்றிலும் வேறு தரம். குழந்தைகளின் விளையாட்டை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகைப்படுத்திய விதத்தை, அதாவது தனித்து விளையாடுவது, பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, அருகருகே இருந்தும் தனித்தனியே விளையாடுவது, கலந்து விளையாடுவது, ஒத்துழைத்து விளையாடுவது என்பவற்றை, உண்மையான வகுப்பறைக் காட்சிகளோடு விளக்குகிறார்கள். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையை உடனே கையைப் பிடித்து விளையாட்டுக்குள் இழுத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படிப் பார்ப்பதும் அந்தக் குழந்தைக்கு ஒரு பங்கேற்புதான் என்பதை இந்தக் காட்சிகள் பிரசங்கம் இல்லாமலே உணர்த்துகின்றன.

பயிற்சியின் உச்சம் ஒரு சண்டைக் காட்சி. ஒரு பொம்மை லாரியை இரண்டு சிறுவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஆசிரியர் லாரியைப் பிடுங்கவில்லை, யார் முதலில் எடுத்தது என்று விசாரிக்கவும் இல்லை. தரையில் அமர்ந்து, “உனக்கும் ஓட்டணும், அவனுக்கும் ஓட்டணும். லாரி ஒண்ணுதான் இருக்கு. என்ன செய்யலாம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். பார்ப்பவருக்கே பொறுமை போய்விடும் அளவுக்கு அந்த மௌனம் நீள்கிறது. பிறகு ஒருவன் லாரியை விட்டுவிட்டு, தான் பெட்ரோல் போடுகிறவன் என்று அறிவிக்கிறான். மற்றவன் வண்டியை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறான். ஆசிரியர் ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து, இது குழாயாகுமா என்று மட்டும் கேட்கிறார். தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடியாவது காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன என்பதையும் 1970-களில் எழுதினார். அந்த ஆய்வைப் பயிற்சி எங்கும் குறிப்பிடவில்லை. இந்தக் காட்சிக்கு அருகில் அதைச் சொல்லியிருந்தால் மௌனத்தின் பலன் இன்னும் தெளிவாகப் புரிந்திருக்கும். கயிறு குழாயானது படைப்பாற்றல் பகுதிக்கு உரியதா, பழகும் திறன் பகுதிக்கு உரியதா என்று தயாரிப்பாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடம் பேசுவது பற்றிய பாடம் மிகச் சிறியது. ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்துவிட்டால் இரு வீட்டாரிடமும் எப்படிச் சொல்வது என்ற பகுதி மட்டும் உருப்படியானது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் இரண்டாம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். பாடங்களை வரிசைப்படிதான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சான்றிதழுக்கான தேர்வை மட்டும் மாற்றியமைக்க வேண்டும். செங்கலுக்கு நூறு பயன் யோசிக்கச் சொன்னவர்கள், இறுதியில் நான்கு விடைகளைக் கொடுத்து அவற்றுள் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்.