வண்டிக்கு ஒரு நட்சத்திரம், டாக்டருக்கு ஐந்து

விலங்குகள் காப்பகத்தின் பெயரைப் போட விருப்பமில்லை. சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும்.

என் தையல் கடை வாசலில் ஏழு வருஷமாகப் படுத்துக் கிடந்த தெருநாய் கருப்பி. போன மாதம் ஒரு தண்ணீர் லாரி இடித்துவிட்டுப் போனது. முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு படி வரை வந்துவிட்டாள். காலை எட்டு மணிக்குக் காப்பகத்துக்குப் போன் அடித்தேன். பதினோராவது தடவைதான் எடுத்தார்கள். வண்டி வந்தபோது பன்னிரண்டு. உள்ளே வெறும் இரும்புத் தரை, ஒரு சாக்கு கூட இல்லை. துணி வெட்டும் பலகையில் படுக்க வைத்து, வெட்டுத் துணியை அடியில் திணித்துக் கொண்டுபோனேன்.

அங்கே எனக்கு முன்னால் ஒருவர், தெருவில் குரைக்கிற நாயை 'ஊசி போட்டு முடிச்சிடுங்க' என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். முடியாது, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில்தான் விடுவோம், தெருநாய்களுக்கான மத்திய அரசின் 2023 விதி அதுதான் என்று காப்பகத்துப் பெண் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை வராது.

டாக்டர் சின்ன வயசு. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு இரண்டாக விலகியிருந்தது. பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தினார். கால் வெடுக்கென்று உள்ளே போனது. 'உணர்ச்சி இருக்கு டாக்டர்!' என்றேன். 'அம்மா, காலைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க' என்றார். மறுபடி அழுத்தினார். கால் இழுத்தது, கருப்பி திரும்பக்கூட இல்லை. வலி மூளைக்குப் போகவில்லை, கால் தானாக இழுக்கிறது என்று விளக்கினார். வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டு, யோசிக்க நேரமும் கொடுத்தார்.

தனி அறைக்கு மாற்றினார்கள். இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாதாம், அதுவும் விதியில் இருக்கிறது. முதலில் மயக்க ஊசி. அவள் தலை என் கையில் கனக்கும் வரை காத்திருந்தார். அப்புறம் முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, ரத்தக்குழாயில் பென்டோபார்பிட்டல். அதுவும் மயக்க மருந்துதான், அளவு மட்டும் மிக அதிகம் என்றார். முனகலே இல்லை. கண் மூடாது, பயப்படாதீங்க என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், சில நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார், விழியைத் தொட்டுப் பார்த்தார். அதற்கப்புறம்தான் 'போயிட்டா' என்றார்.

கட்டணம் கேட்கவில்லை. நானாக ஆயிரம் ரூபாய் கொடுத்தேன், ரசீது தந்தார்கள். அடக்கம் எங்கே என்று கேட்டதற்கு மட்டும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

போகிறவர்கள் வண்டியை நம்ப வேண்டாம். ஒரு பலகை, ஒரு பழைய போர்வை, வாயைக் கட்ட ஒரு துப்பட்டா, தெரிந்த ஆட்டோக்காரர் இருந்தால் போதும். எங்கள் ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. நான்தான் அவரைக் கேட்கவில்லை.