பாட்டி பெயரா, பாட்டுப் பெயரா?

பெண் குழந்தைக்குப் பழைய பெயராக வைக்க வேண்டும், ஆனால் வகுப்பில் அதே பெயரில் இன்னொருத்தி இருக்கக் கூடாது. இப்படி ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு குவியல்கள் இருக்கின்றன. ஒன்று, கொள்ளுப்பாட்டி காலத்துப் பெயர்கள்: உலகம்மை, மெய்யம்மை, வடிவாம்பாள், தையல்நாயகி. இன்னொன்று, பாட்டிலும் கல்வெட்டிலும் இருந்து எடுப்பவை: குந்தவை, ஆதிரை, நன்முல்லை, நச்செள்ளை. யாழினி, இனியா வகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நல்ல பெயர்கள்தான், ஆனால் நாம் பார்க்கப் பெருகியவை. எந்தப் பாட்டிக்கும் அந்தப் பெயர் இருந்ததில்லை.

முதலில் பாட்டுப் பெயர்கள். குந்தவைக்கு இருக்கும் கம்பீரம் வேறு எதற்கும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், தான் கொடுத்தவற்றுக்கு அடுத்தபடியாக ‘அக்கன்’ கொடுத்தவற்றையும் பொறிக்கச் சொல்கிறான் ராஜராஜன். அந்த அக்காதான் குந்தவை. தன் மகளுக்கும் அதே பெயரைத்தான் வைத்தான். ஆனால் நாவலும் படமும் வந்த பிறகு குந்தவையை அரிய பெயர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ‘குந்த வை’ என்று பிரித்துச் சொல்லிச் சிரிக்க ஒரு பையன் எந்த வகுப்பிலும் இருப்பான்.

ஆதிரை அதைவிட இலகுவான பெயர். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் அவள். மூன்றே எழுத்து, நாக்கு தடுக்காது. சிக்கல் ஒன்றுதான். பெயரைக் கேட்டதும் ‘திருவாதிரை நட்சத்திரமா?’ என்பார்கள். குழந்தை ரோகிணியில் பிறந்திருந்தால் ஆயுசு முழுக்க ‘இல்லைங்க, அது வந்து...’ என்று கதை சொல்ல வேண்டியதுதான்.

சங்கப் புலவர்களின் பெயர்களில் எனக்கு ஆசை அதிகம். நச்செள்ளையார் சேர மன்னனைப் பாடி ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசாகப் பெற்றவர். காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் என்றும் பெயர். பெயரின் முன்னால் நிற்கும் ‘ந’, நக்கீரரிலும் நப்பின்னையிலும் வருகிற அதே ‘ந’தான். நல்ல, சிறந்த என்று பொருள். இதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் சரி. கேட்கிறவர் காதில் முதலில் விழுவது ‘நச்சு’. நப்பின்னைக்கும் அதே கதி, ‘நப்பாசை’ பக்கத்திலேயே நிற்கிறது. விளக்கம் சொன்ன பிறகுதான் அழகாகும் பெயரைக் குழந்தை தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

நன்முல்லைக்கு அந்தத் தொல்லை கிடையாது. குறுந்தொகையில் கோழி கூவ, விடிந்துவிட்டதே என்று நெஞ்சு பதறுகிறவளைப் பாடிய அள்ளூர் நன்முல்லையாரின் பெயர். பொருளும் உடனே புரிகிறது. வீட்டில் முல்லை என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். அப்படிக் கூப்பிடக் கூப்பிட ‘நன்’ போய்விடும். அப்புறம் அவள் ஊரில் உள்ள முல்லைகளில் ஒருத்தி.

இனி பாட்டி பெயர்கள். இவை ஏற்கெனவே வாயில் புழங்கித் தேய்ந்தவை என்பதால் செல்லப் பெயரும் கூடவே வரும். வடிவாம்பாள் வடிவு ஆவாள், உலகம்மை உலகு ஆவாள். நாமாக உட்கார்ந்து யோசித்தாலும் ‘உலகு’ மாதிரி ஒன்று அமையாது. தையல்நாயகி வைத்தீஸ்வரன் கோயில் அம்மனின் பெயர், எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தையல் என்றால் பெண் என்பது மறந்துபோய் இன்று தையல் மெஷின்தான் ஞாபகத்துக்கு வருகிறது. மெய்யம்மையிலும் உலகம்மையிலும் கடைசி இரண்டு எழுத்தைக் கவனியுங்கள். ‘அம்மாள்’ என்று முடித்தால் பெயருக்கு உடனே எழுபது வயது ஏறிவிடுகிறது. ‘அம்மை’ என்று முடித்தால் பழமை இருக்கும், நரை இருக்காது. கூடவே அம்மை நோய் என்ற கிண்டலும் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி பெயரில் பாட்டுப் பெயரில் இல்லாத ஓர் ஆபத்து உண்டு. அந்தப் பெயர் ஏன் வைக்கப்பட்டது என்று விசாரிக்காமல் எடுத்துவிடக் கூடாது. ‘போதும்பொண்ணு’ எதற்காக வைத்த பெயர் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குப்பம்மாளும் பிச்சையம்மாளும் வேறு ரகம். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்தவை. அதில் இருக்கும் பயமும் பாசமும் பெரிது. அதற்காக அதை இன்றைய குழந்தைக்கு வைக்கச் சொல்வேனா என்றால், மாட்டேன். விதியைப் பார்த்துப் பெயரைத் தள்ளுவதில் நாம் அவ்வளவு நேர்மையானவர்களும் இல்லை. கண்ணகி என்று வைக்கத் தயங்குகிறவர்கள் மாதவி என்று தாராளமாக வைக்கிறார்கள். அவள் மட்டும் என்ன சுகப்பட்டாள்?

கோயில் அம்மன்களின் பெயர்கள் இரண்டு குவியலுக்கும் நடுவில் கிடக்கின்றன. திருவாலங்காட்டின் வண்டார்குழலி, திருச்சி மலைக்கோட்டையின் மட்டுவார்குழலி. சொல்லிப் பார்த்தாலே வாய் மணக்கிறது. ஆனால் அந்த ‘ழ’வை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வெளியூரில் அவள் என்னவாகத் திரும்பி வருவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

கோதையை இதுவரை எடுக்காமல் வைத்திருந்தேன். ஆண்டாள் பாசுரத்தின் முடிவில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. பொருள், மாலை. சேர மன்னர்களுக்கும் அதே பெயர் இருந்தது, மாக்கோதை என்றே ஒருவன் உண்டு. அதே சமயம் பாட்டிகளும் கோதைநாயகிகளாக இருந்திருக்கிறார்கள். 1901-இல் பிறந்து நாவல்களாக எழுதித் தள்ளி, ஜகன்மோகினி பத்திரிகையையும் நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாள் ஒருவர் போதும். ஆக இது பாட்டிலும் இருக்கிறது, பாட்டியிடமும் இருக்கிறது. ‘ழ’ இல்லை, விளக்கம் தேவையில்லை, இருப்பதே இரண்டு எழுத்து என்பதால் சுருக்கவும் வழியில்லை. மாடியில் இருந்து ‘கோதை!’ என்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், தெருமுனை வரை கேட்கும்.

போதையோடு எதுகை சேர்கிறது, தெரியும். ஆதிரைக்குக் குதிரை இருக்கிறதே. நான் கோதைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். வீட்டில் ஏற்கெனவே ஓர் உலகம்மை இருந்து, அவரைப் பார்த்த யாராவது இன்னும் உயிரோடு இருந்தால் மட்டும், உலகுவுக்கு.