லேடி ஆன்: தோட்டத்துக் குறும்பாதைக்கு ஒரு முதல் நீராவி எஞ்சின்

இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1982-இல் தொடங்கப்பட்ட ரவுண்ட்ஹவுஸ் எஞ்சினியரிங் நிறுவனத்தின் ‘லேடி ஆன்’ என்ற மாதிரி ரயில் எஞ்சினை இரண்டு ஆண்டுகளாக என் தோட்டத்தில் போட்ட சிறு ரயில் பாதையில் ஓட்டிவருகிறேன். இது மின்சாரத்தில் ஓடும் பொம்மை அன்று. தாமிரப் பாய்லரில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியை இரண்டு சிலிண்டர்களுக்குள் செலுத்தி, ஆறு சக்கரங்களையும் சுழற்றுகிற மெய்யான நீராவி எஞ்சின். இத்துறைக்குப் புதிதாக வருகிறவர் முதல் எஞ்சினாக இதை வாங்கலாமா என்று கேட்டால், தயங்காமல் வாங்கலாம் என்பேன். ஆனால் அது நன்றாக ஓடுவதும் ஓடாததும் பாதியளவு பாதையின் கையில் இருப்பதால், பாதையையும் சேர்த்தே இங்கே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. நிஜ ரயிலின் ஓர் அடி இந்த வகை மாதிரிகளில் 16 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 19-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடி அகலமுள்ள குறும்பாதை இந்த விகிதத்தில் 32 மி.மீ. ஆகிறது. டார்ஜிலிங் மலை ரயில் இந்த இரண்டடி அகலம்தான். வேல்ஸில் 1836-இல் திறக்கப்பட்ட ஃபெஸ்டினியோக் பாதையும் ஏறத்தாழ இதே அகலம். மலைச்சரிவில் கூர்மையாக வளைந்து செல்வதற்காகக் குறுகலாக அமைத்த பாதைகள் என்பதால் அவற்றின் எஞ்சின்களும் உருவில் சிறியவை. அதனால் பெரிய விகிதத்தில் செய்தாலும் அவை கையால் தூக்கும் அளவில் அடங்குகின்றன, சிறு தோட்டத்திலும் வளைந்து திரும்புகின்றன. 1968-இல் ஜெர்மனியின் எல்.ஜி.பி. தோட்ட ரயில் மாதிரிகள் வந்தபின் 45 மி.மீ. அகலமும் தோட்டங்களில் பரவிவிட்டது. லேடி ஆன் இரண்டு அகலத்துக்கும் கிடைக்கிறது. நான் 32 மி.மீ. எடுத்தேன், இந்த உடலுக்குக் கீழே அதுதான் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

எஞ்சினைத் தயார் செய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பாய்லரை முழுவதும் நிரப்பி, பிறகு சிரிஞ்சால் சுமார் 30 மி.லி. தண்ணீரை வெளியே எடுத்துவிடுவேன். நீராவி சேர்வதற்கு மேலே இடம் வேண்டும். வாலைவடி நீரையோ வடிகட்டிய மழைநீரையோ மட்டுமே ஊற்றுகிறேன். உப்புத்தண்ணீர் ஊற்றினால் உள்ளே படியும் சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்க வழி கிடையாது, ஏனென்றால் பாய்லர் வெள்ளிப்பற்று வைத்து மூடப்பட்டது. அடுத்து எண்ணெய், கடைசியாக எரிவாயு. வாயுக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் திரவமாகவே தொட்டிக்குள் இறங்கும். நிறைந்ததும் வால்வைச் சுற்றிச் சீறும். அந்த நேரத்தில் பக்கத்தில் எந்த நெருப்பும் இருக்கக்கூடாது.

பற்றவைக்கும் கணம் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. வாயு வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, புகைபோக்கியின் வாயருகே சுடரைக் காட்டினால், ‘பொப்’ என்ற ஓசையோடு தீ புகைபோக்கிக்குள் இறங்கி, பாய்லரின் நடுவே செல்லும் குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி, பர்னரில் போய் அமர்கிறது. உடனே ஓசை மாறி, சீரான மெல்லிய இரைச்சலாகிவிடுகிறது. அந்த இரைச்சல் கேட்காமல் புகைபோக்கியின் உச்சியிலேயே சுடர் ஆடினால், வாயுவை அடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஏழெட்டு நிமிடங்களில் அழுத்தமானியின் முள் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டைத் தொடும். பாதுகாப்பு வால்வு வெண்ணிறமாகச் சீறத் தொடங்கும். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ். ஆகவே கையுறை இல்லாமல் எதையும் தொடுவதில்லை. குழந்தைகள் பார்க்க வந்தால் இதைத்தான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டர்களுக்கு நீராவியை விடும் வால்வான ரெகுலேட்டரைத் திறந்ததும் எஞ்சின் புறப்பட்டுவிடும் என்று நினைத்தால் ஏமாற்றமே. சிலிண்டர்கள் குளிர்ந்திருப்பதால் முதலில் புகும் நீராவி அங்கேயே தண்ணீராகிவிடும். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால் பிஸ்டன் நின்றுவிடும். கையுறை அணிந்த கையால் எஞ்சினை முன்னும் பின்னும் நாலைந்து முறை மெல்லத் தள்ளிக்கொடுத்தால், புகைபோக்கி வழியாக வெந்நீரும் எண்ணெயுமாகத் தெறித்து, சிலிண்டர்கள் சூடாகி, எஞ்சின் தானே காலெடுத்து வைக்கும்.

அதன் பிறகு இந்த எஞ்சினின் பெருமை தெரிகிறது. சக்கரங்களின் வெளிப்புறத்தில் அசைகிற வால்ஷார்ட்ஸ் வால்வு அமைப்பு, பெல்ஜியத்தைச் சேர்ந்த எகீட் வால்ஷார்ட்ஸ் 1844-இல் வகுத்த அதே முறையின் சிற்றுரு. நீராவி எப்போது நுழைய வேண்டும், எப்போது வெளியேற வேண்டும் என்பதை அது ஒழுங்காக வகுத்துக் கொடுப்பதால் எஞ்சின் மெதுவாக ஓடுகிறது. இந்த மெதுவான ஓட்டத்துக்காகத்தான் இதைப் பரிந்துரைக்கிறேன். சிலிண்டரே ஊசலாடி வாயிலைத் திறந்து மூடும் எளிய எஞ்சின்களையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். விலை மிகக் குறைவு, ஆனால் நின்றால் நிற்கும், ஓடினால் பறக்கும், இடைப்பட்ட வேகத்தை அவற்றிடம் கேட்டுப் பெறுவது கடினம். லேடி ஆனோ ஐந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டு, நான் கூடவே நிதானமாக நடந்துவரும் வேகத்தில் சுற்றிவருகிறது. ஒரு முறை வாயு நிரப்பினால் இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் ஓடுகிறது. தண்ணீர் வற்றுவதற்கு முன்பே வாயு தீர்ந்துவிடும்படி தொட்டியின் அளவு அமைந்திருக்கிறது. வெற்றுப் பாய்லரைத் தீ சுடாமல் காப்பது அதுதான். இடையில் மறுபடி வாயு நிரப்புகிறவர் தண்ணீரையும் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

எண்ணெய் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஓட்டுநர் அறையில் சிறு உருளை ஒன்று இருக்கிறது. அதை எண்ணெயால் நிரப்பி மூடிவிடுகிறோம். நீராவிக் குழாய் அதன் வழியாகச் செல்கிறது. ஓடும்போது சிறிதளவு நீராவி அதற்குள் புகுந்து தண்ணீராகி, எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கி, அந்த அளவு எண்ணெயை மேலே தள்ளி நீராவியோடு அனுப்புகிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வண்டிகளுக்கு ஊற்றும் எண்ணெய் இதற்கு ஆகாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தேன்போல் கெட்டியான நீராவி எண்ணெய்தான் ஈர உலோகத்தில் ஒட்டி நிற்கும். ஓட்டம் முடிந்து அழுத்தம் முற்றிலும் இறங்கியபின் மூடியைத் திறந்து, அடியில் சேர்ந்த தண்ணீரை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுகிறேன். உறிஞ்சிய தண்ணீரின் அளவே, எவ்வளவு எண்ணெய் சிலிண்டருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கான கணக்கு.

குளிர்ந்த காலை வேளைகளில் வாயு சோம்புகிறது. தொட்டியில் இருக்கும் பியூட்டேன் வாயுவின் கொதிநிலை பூச்சியம் டிகிரி செல்சியஸை ஒட்டி இருப்பதாலும், ஆவியாகும்போது தொட்டியே மேலும் குளிர்வதாலும் அழுத்தம் விழுந்துவிடும். புரோப்பேன் கலந்த வாயு வாங்கினால் இந்தக் குறை பெருமளவு நீங்குகிறது.

இனிப் பாதை. நான் போட்டிருப்பது பீக்கோ நிறுவனத்தின் எஸ்.எம்.32, ஒரு கஜ நீளத் துண்டுகள், விரும்பியபடி வளைக்கலாம், ஸ்லீப்பர் கட்டைகள் குறும்பாதைக்குரிய தோற்றத்தோடு இருக்கின்றன. வெயிலும் மழையும் இரண்டு ஆண்டுகளில் அதற்கு ஒன்றும் செய்துவிடவில்லை. நீராவி எஞ்சினுக்குத் தண்டவாளத்தில் மின்சாரம் பாய வேண்டியதில்லை என்பதால், இணைப்புகளைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேலையும் இல்லை.

தவறு என்னுடையது, தண்டவாளத்துக்கு அடியில் இருந்தது. முதல் ஆண்டு மண்ணை மேலோட்டமாகக் கெட்டித்து, அதன்மேல் ஜல்லி பரப்பிப் பாதையை வைத்துவிட்டேன். மழைக்குப் பின் ஓரிடத்தில் ஒரு கஜ நீளத்துக்குள் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. கையால் இயக்கும் எஞ்சினின் ரெகுலேட்டர் ஒரே நிலையில்தான் இருக்கும். ஏற்றத்துக்கு ஏற்ப நீராவியைத் திறந்துவிட்டால் இறக்கத்தில் அது ஓட்டமெடுக்கும். அப்படித்தான் ஓட்டமெடுத்து, அடுத்த வளைவில் பெட்டிகளோடு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. நல்லவேளையாகப் புல்மேல் விழுந்தது. வண்ணப்பூச்சில் ஒரு கீறல் மட்டும், அது இன்றும் இருக்கிறது.

பாதை முழுவதையும் பிரித்து, கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு கட்டையிலும் நெடுக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து மறுபடி போட ஆறு வாரங்கள் ஆயின. அதே எஞ்சின், அதே பெட்டிகள். ஆனால் ரெகுலேட்டரை ஒரு முறை அமைத்தால் வாயு தீரும்வரை தொடவேண்டியதில்லை என்ற நிலை அதன்பிறகுதான் வந்தது. ஆகவே வாங்குகிறவர் முதலில் பாதையை மட்டமாக்கிவிட்டு எஞ்சினுக்கு ஆர்டர் கொடுங்கள். இடம் மேடுபள்ளமாகவே இருக்கும், மாற்ற வழியில்லை என்றால் ரேடியோ கட்டுப்பாட்டோடு வாங்குங்கள். ரெகுலேட்டரைத் தூரத்திலிருந்தே திறக்கவும் குறைக்கவும் முடிந்தால் சரிவு பெரிய இடையூறாகாது. மட்டமான பாதை உள்ளவர்களுக்குக் கையால் இயக்கும் வகையே போதும். என்னுடையது அதுதான், அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.