டாக்டர் டிம்ஸ் ஒன் அண்ட் ஒன்லி: பாட்டில் பாக்டீரியா காசுக்குத் தகுமா?

இது மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் உயிருள்ள பாக்டீரியா அடைத்த பாட்டில். வெறும் டிரை ராக் (உயிர் ஏதும் ஒட்டாத காய்ந்த பாறை) போட்டு ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) தொடங்குகிறவர்களுக்குத் தகும். ஆனால் கூடவே இரண்டு சாமான் வேண்டும்: ஒரு அம்மோனியா கரைசல், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கிற ஒரு டெஸ்ட் கிட். இவை இல்லாமல் பாட்டிலை மட்டும் ஊற்றிவிட்டு, ஏழு நாள் விரல் விட்டு எண்ணி மீனை இறக்கினால், உள்ளே போனது உயிருள்ள பாக்டீரியாவா, செத்த தண்ணீரா என்பதை மீன்தான் சொல்லும்.

நம்மூரில் இந்த பாட்டிலுக்குத் தேவை கொஞ்சம் கூடுதல். லைவ் ராக் (கடலில் எடுத்த, உயிர்கள் ஒட்டிய பவளப் பாறை) எளிதாகக் கிடைக்கும் நாடுகளில், பாறையோடு பாக்டீரியாவும் சேர்ந்தே வந்துவிடும். இங்கே அந்த வழி அடைபட்டது. கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்த 'லைவ் ராக்' என்று யாராவது மலிவாகக் கொடுத்தால், வாங்கியவரும் சேர்ந்தே மாட்டுவார். மிச்சம் இருப்பது டிரை ராக். அது சுத்தமான கல், அவ்வளவுதான். தானாகச் சைக்கிள் ஆகட்டும், அதாவது இந்தப் பாக்டீரியா தொட்டியில் நிலைகொள்ளட்டும் என்று விட்டால் ஒன்றரை மாதம் ஓடிவிடும், சில சமயம் அதற்கு மேலும். பாட்டில் உயிரோடு வந்திருந்தால் இதே வேலை பத்துப் பதினைந்து நாளில் முடிகிறது.

தயாரித்தவர் டிமோதி ஹோவனெக். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது, அதுவரை எல்லோரும் நம்பிய நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்களில் ஒருவர். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது பாட்டில் வந்த வழியை. நன்னீருக்கு ஒரு பாட்டில், உப்புநீருக்கு ஒரு பாட்டில் என்று தனித்தனியாக விற்கிறார்கள். அவசரத்தில் நன்னீர் பாட்டிலை எடுத்து வருவது அடிக்கடி நடக்கும் கூத்து. லேபிளை ஒரு தரம் படியுங்கள்.

இந்தப் பாக்டீரியாவுக்கு வெயிலையும் குளிரையும் தாங்கும் விதை உறை (ஸ்போர்) கிடையாது. உறைந்தாலும் சாகும், 35 டிகிரி தாண்டினாலும் சாகும். சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் 35 டிகிரி என்பது காலை பத்து மணிக்கே வந்துவிடும். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் நேரில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வரவழைத்தாலும் சரி, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதுவரை ஃப்ரிட்ஜில் இருந்ததா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள். ஆன்லைன் என்றால் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிறு முழுக்க கிடங்கில் கிடக்காது. முடிந்தால் வெயில் காலத்தைத் தவிர்த்து மார்கழி, தை பக்கம் டேங்க் தொடங்குங்கள்.

இனி வேலை. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள மூன்றடி டேங்கை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி 182 லிட்டர். பாறையும் மணலும் மேல் விளிம்பு இடைவெளியும் போனால் நிகரமாக 150 லிட்டர் நிற்கும். எல்லா அளவும் இந்த 150-க்குத்தான், 182-க்கு இல்லை. 113 லிட்டர் வரைக்குமான 59 மில்லி பாட்டில் இதற்குப் போதாது, 118 மில்லி வாங்குங்கள். கூடிப்போனால் கெடுதல் ஏதும் இல்லை, முழுதும் ஊற்றிவிடலாம்.

தண்ணீர் ஆர்ஓ-டிஐ வடிகட்டி வழியாக வந்து, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். போர் தண்ணீரில் உப்பு கலந்தால் பாசிக்குத்தான் விருந்து. லிட்டருக்கு 38 கிராம் என்று ஏறக்குறைய 5.7 கிலோ சால்ட் மிக்ஸ். டிரம்மில் தண்ணீரை நிரப்பி, பவர்ஹெட்டை (நீரைச் சுழற்றும் சிறு மோட்டார்) ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைப் போட்டு அதன் தலையில் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படிந்து போகும், பிறகு கரையாது. ஒரு நாள் கலக்கிய பின் 25 டிகிரியில் அடர்த்தி 1.025 முதல் 1.026. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மேலே பிசகலாம்.

பாறை, மணல், உப்புநீர் எல்லாம் டேங்கில் சேர்ந்து ஒரு நாள் ஓடிய பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும். அதற்கு முன் யுவி விளக்கை அணையுங்கள், அது ஓடினால் ஊற்றியது செத்துவிடும். ஸ்கிம்மரையும் (நுரையால் கழிவை எடுக்கும் கருவி) ஃபில்டர் சாக்கையும் (வடிகட்டும் துணிப்பை) இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். குளோரின், அம்மோனியாவைக் கட்டிவைக்கும் மருந்து எதுவும் அந்த நாட்களில் வேண்டாம், பாக்டீரியாவின் சாப்பாட்டையே கட்டிப்போடுவது போலாகும். லைட்டும் வேண்டாம். பாட்டிலின் அடியில் கசடு தங்கியிருக்கும். நன்றாகக் குலுக்கி, பாறை மேலும் மணல் மேலும் படும்படி ஊற்றுங்கள். ஓவர்ஃப்ளோ (நீர் வழிந்து இறங்கும் வாய்) பக்கம் ஊற்றினால் பாதி, கீழே இருக்கும் சம்ப் தொட்டியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சாப்பாடு அம்மோனியம் குளோரைடு, நம்மூர்ப் பெயரில் நவச்சாரம். நாட்டு மருந்துக் கடை நவச்சாரத்தை எடுக்காதீர்கள், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவருக்கு அது போதும், ரீஃபுக்கு அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இதே நிறுவனத்தின் அம்மோனியா சொட்டுப் பாட்டில் எடுக்கலாம். மலிவாக முடிக்க, லேப் கிரேடு அம்மோனியம் குளோரைடு 7.6 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் கரைத்து வையுங்கள். டேங்கின் ஒரு லிட்டருக்கு 1 மில்லி ஊற்றினால் நைட்ரஜன் கணக்கில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். நம் டேங்குக்கு 150 மில்லி. எப்போது சோதித்தாலும் அம்மோனியாவோ நைட்ரைட்டோ 5 பிபிஎம் நைட்ரஜனைத் தாண்ட விடாதீர்கள், தாண்டினால் பாக்டீரியா மந்தமாகிவிடும்.

முதல் நாள் 2 பிபிஎம். பிறகு தினமும் டெஸ்ட். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 1-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த 150 மில்லி. 'கேலண்டரில் மூன்றாம் நாள் வந்துவிட்டது' என்று ஊற்றுவதுதான் பல டேங்குகளை நிறுத்துகிறது. அம்மோனியா சீக்கிரம் இறங்கும், நைட்ரைட் பின்தங்கும், அதன் மேல் இன்னொரு டோஸ் விழுந்தால் நைட்ரைட் வாரக்கணக்கில் இறங்காது. உப்புநீரில் குளோரைடு இருப்பதால் நைட்ரைட் மீனுக்கு நன்னீரில் போல விஷமாகாது, ஆனால் பாக்டீரியாவின் வேகம் குறைவதுதான் இங்கே கவலை.

டெஸ்ட் கிட் ஏபிஐ கம்பெனியுடையது என்றால், சிறிய கண்ணாடிக் குழாயில் 5 மில்லி, அம்மோனியாவுக்கு இரண்டு பாட்டிலிலும் எட்டெட்டு சொட்டு, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். மஞ்சளும் பச்சையும் நீல ரீஃப் லைட்டில் ஒன்று போலத் தெரியும். ஜன்னலோரம் வந்து, குழாயை வெள்ளைக் காகிதத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். முதலில் புதிதாய்க் கலந்த உப்புநீரை மட்டும் டெஸ்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சில உப்புகளிலேயே லேசாக அம்மோனியா தெரியும். அதுதான் உங்கள் பூஜ்யம். நைட்ரைட் குழாயில் சொட்டு விழுந்தவுடனே அடர் ஊதாவாக இருண்டால் நிற அட்டையின் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். 1 மில்லி டேங்க் நீரோடு 4 மில்லி ஆர்ஓ நீர் கலந்து பார்த்து ஐந்தால் பெருக்குங்கள். நைட்ரைட் இருக்கும்போது நைட்ரேட் டெஸ்ட் பொய்யாகக் கூடுதல் காட்டும், அந்த ரசாயனத்தை மிச்சம் பிடியுங்கள்.

பாட்டிலைக் குறை சொல்வதற்கு முன் கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை, டிகேஎச் அதன் அலகு) பாருங்கள். ஒவ்வொரு 2 பிபிஎம் டோஸும் 0.8 டிகேஎச் காரத்தைக் குடிக்கிறது. மூன்று டோஸில் 2.4 போய்விட்டால் 8-இல் தொடங்கியது 5.6-இல் நிற்கும், பிஎச்சும் கூட இறங்கி பாக்டீரியா சோம்பும். 150 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 4.5 கிராம் ஆப்ப சோடா போதும். பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. இன்னொரு சிக்கல் பாஸ்பேட். புது டிரை ராக் டேங்கில் அது பூஜ்யமாக இருந்தால் பாக்டீரியாவால் பெருக முடியாது, ஒரு சிட்டிகை மீன் தீனி அதற்கு மருந்து.

ஊற்றி ஐந்து நாளாகியும் அம்மோனியா அசையவே இல்லை என்றால் பாட்டில் வழியிலேயே செத்திருக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமா? ஊற்றும்போதே பாட்டிலிலிருந்து 5 மில்லியை எடுத்து 10 லிட்டர் வாளியில் உப்புநீர், ஏர் ஸ்டோன், அம்மோனியா கரைசலில் 5 மில்லி என்று தனியாக ஓடவிடுங்கள். அதுவும் அசையவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் சாட்சி இருக்கிறது.

2 பிபிஎம் டோஸ் போட்ட 24 மணி நேரத்தில் இரண்டும் உங்கள் பூஜ்யத்துக்கு வந்தால் சைக்கிள் முடிந்தது. அந்த மூன்று டோஸும் 27 பிபிஎம் அளவுக்கு நைட்ரேட்டாக மாறியிருக்கும், பாதித் தண்ணீர் மாற்றினால் 13. இதை வைத்துக்கொண்டு 'டேங்க் முதிர்ந்துவிட்டது' என்று எண்ண வேண்டாம். கோராலைன் (பாறையில் படரும் ஊதாப் பாசி), சிறு பூச்சிகள், கடற்பஞ்சு எதுவும் இந்த பாட்டிலில் இல்லை. பழுப்பு டயட்டம் (ஒரு வகை நுண்பாசி) மூன்றாம் வாரம் வாக்கில் பெரும்பாலும் வரும், பாட்டில் மேல் பழி போடாமல் சில நத்தைகளை விடுங்கள்.

முதல் மீன் வரத் தாமதமானால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 75 மில்லி கரைசல் ஊற்றி பாக்டீரியாவுக்குச் சோறு போடுங்கள். வெறும் டேங்க் மாதக்கணக்கில் கிடந்தால் அது பட்டினியில் குறையும், பிறகு ஜோடி க்ளௌன் மீன் வந்ததும் அம்மோனியா மறுபடி ஏறும். வந்த பிறகு கரைசலை நிறுத்திவிடுங்கள், மீன் போடுவதே போதும்.