நடு அறைக்கு இறக்கிய வெளிச்சம்: ஐந்து மழைக்காலத்துக்குப் பிறகு

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய தெருக்களில் பக்கச்சுவர் இரண்டும் அண்டை வீட்டோடு ஒட்டியே இருக்கும். முன்னாலும் பின்னாலும் மட்டும் ஜன்னல். நடு அறையில் மத்தியானமும் டியூப்லைட் எரியும். அப்படிப்பட்ட வீட்டில் கூரையில் 3 அடிக்கு 3 அடி திறப்பு, வடக்கு ஜன்னல், அலமாரிகள் என்று மூன்றையும் மாற்றி ஐந்து மழைக்காலம் ஆகிறது.

செலவுக்கு முழுசாக ஈடு கொடுத்தது கூரைத் திறப்புதான். ஆனால் அதில்தான் தப்பும் அதிகம் நடக்கும். காங்கிரீட் தளத்தைச் சுத்தியலால் உடைக்க விடாதீர்கள். அதிர்வில் சுற்றிலும் விரிசல் ஓடி, ஐப்பசி மழையில் அந்த விரிசலே ஒழுகும். பீம் எங்கே, கம்பி எப்படி ஓடுகிறது என்று பொறியாளர் பார்த்துக் குறித்த பிறகு, டயமண்ட் பிளேடு கட்டரால் அறுக்க வேண்டும். மர உத்தரமும் செங்கல்லும் வைத்த மெட்ராஸ் டெரஸ் கூரையா? உத்தரத்தை வெட்டாமல் இந்த அளவு கிடைக்காது. அங்கே வேண்டவே வேண்டாம்.

திறப்பைச் சுற்றி எழுப்பும் கட்டு 1 அடியாவது இருக்கட்டும். 9 அங்குலம் போதும் என்பார் கொத்தனார். பின்னாளில் தளத்தின் மேல் நீர் இறங்காமல் காக்கும் வெதரிங் கோர்ஸ் அடுக்கும் தளஓடும் போடும்போது அதில் 4 அங்குலம் போய்விடும். மேலே லாமினேட்டட் கண்ணாடி. சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்டு கண்ணாடி மட்டும் போட்டால், உடைகிற அன்று சில்லு சில்லாக அறைக்குள் கொட்டும். லாமினேட்டட் கண்ணாடியில் நடுவிலுள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். 5 டிகிரியாவது சரிவு கொடுக்காவிட்டால் ஓரத்தில் சேறு தங்கும். சிலிக்கான் வாங்கும்போது நியூட்ரல் வகை என்று சொல்லியே கேளுங்கள். புளிப்பு வாடை அடிக்கும் வகை சிமென்ட்டில் நிற்காது. நியூட்ரலும் நான்காவது வருடம் ஓரத்தில் விட்டுப்போனது, சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

கட்டின் பக்கவாட்டில் 6 அங்குல லூவர் (சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுவழி) இல்லாவிட்டால் அறை அடுப்பாகிவிடும், மேலே சேரும் சூடு வெளியேற வேறு வழி கிடையாது. சென்னையின் பெருமழை வடகிழக்கிலிருந்து வருவதால் லூவர் தெற்கிலும் மேற்கிலும் இருப்பது நல்லது. உள்ளே கொசுவலையைக் கழற்றி மாட்டும் சட்டத்தில் வையுங்கள். தூசி அடைத்தால் காற்று நின்றுவிடும்.

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் திறப்புக்கு நேர் கீழே உட்கார முடியாது. இழுத்து மூடும் வெள்ளைக் காடாத்துணி ஒன்று போதும். இடைப்பட்ட மாதங்களில் வெயில் வடக்கிலிருந்தும் வரும். “வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேட் எதற்கு?” என்பது குளிர்நாட்டுக் கணக்கு, இங்கே செல்லாது. 4 அடி உயர ஜன்னலுக்கு நண்பகல் வெயிலைத் தடுக்க 9 அங்குல நீட்டல் போதும். மாலையில் வடமேற்கிலிருந்து சாய்ந்து வருவதைத் தடுக்க மேற்கு ஓரத்தில் செங்குத்தாக ஒரு பலகை வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, மூன்று சுவரிலும் பரண் கட்டியதைப் பாதி இடித்தாயிற்று. வெளிச்சம் மேலிருந்து வரும் அறையில் பரணின் நிழல் முழுதும் சுவரில்தான் விழும். ஒரே சுவரில், 2 அடி ஆழத்துக்கு மேல் போகாமல் இருந்தால் சரி.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாதீர்கள். கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறும்போது பின்பலகையில் பூஞ்சை பிடித்துப் பட்டுப்புடவை வரை வாடை அடிக்கும். 1 அங்குலம் இடைவெளி, அடியில் 4 அங்குல பிவிசி கால். ப்ளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை (நீரைத் தாங்கும் மரைன் வகைக்கானது) பார்த்து வாங்கியவை இன்னும் உறுதி; விலை குறைந்த, ஓரளவு ஈரப்பதம் மட்டும் தாங்கும் எம்ஆர் வகையில் செய்த சிங்க்கடிக் கதவு இரண்டாம் மழையிலேயே ஊதிவிட்டது. கீல் 304 ரக எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு. கடற்காற்று படும் வீட்டில் முலாம் பூசிய கீல் துரு கக்கி, கதவைத் தொங்கவிட்டுவிடும்.