கேப் ஃபியர்: 1962 படமா, 1991 படமா?

மறுஆக்கம் எதுவும் மூலத்துக்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். 'கேப் ஃபியர்' விஷயத்தில் அப்படி ஒரே வரியில் முடிக்க முடிவதில்லை. 1962இல் ஜே. லீ தாம்சன் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படத்தையும் 1991இல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த வண்ணப் படத்தையும் பார்த்தவர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். "ராபர்ட் மிட்சம் சும்மா நின்று பார்த்தாலே வயிறு கலங்குகிறது, டி நீரோ எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்?" என்கிறது ஒரு கட்சி. "பழைய படத்தில் வக்கீல் உத்தமர், வந்தவன் அயோக்கியன், அவ்வளவுதான் கதை. ஸ்கார்செஸி படத்தில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள்" என்கிறது இன்னொன்று.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாக்குவாதம் முழுக்க பழைய படத்து வில்லன் மிட்சமா, புதிய படத்து வில்லன் ராபர்ட் டி நீரோவா என்றே சுற்றிக்கொண்டிருப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. வில்லனை விட்டுவிட்டு வக்கீல் சாம் போடனைப் பாருங்கள். அந்த ஆள் மேல் தப்பு இருக்கிறதா, இல்லையா? இரண்டு படங்களும் பிரிகிற இடம் அதுதான். மற்ற வேறுபாடெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. முடிவுகளையும் சேர்த்தே பேசப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

இரண்டுக்கும் அடிப்படை ஜான் டி. மெக்டொனால்டு 1957இல் எழுதிய 'தி எக்சிகியூஷனர்ஸ்' நாவல். சிறையிலிருந்து விடுதலையான மேக்ஸ் கேடி, தான் உள்ளே போகக் காரணம் என்று கருதும் வக்கீலின் ஊருக்கு வந்து சேர்கிறான். எந்தச் சட்டத்தையும் வெளிப்படையாக மீறாமல் அந்தக் குடும்பத்தைச் சுற்றிச்சுற்றி வருகிறான். நாய்க்கு விஷம் வைக்கப்படுகிறது, சாட்சி இல்லை. ஒரு பெண் சிதைக்கப்படுகிறாள், கோர்ட்டுக்கு வர அவள் தயாரில்லை. போலீசால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் எல்லோரும் ஆற்றில் நிற்கும் படகு வீட்டில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

1962 படத்தில் கிரெகரி பெக் நடித்த போடன் வெறும் சாட்சி. கேடி ஒரு பெண்ணைத் தாக்கியதைப் பார்த்தார், தடுத்தார், கோர்ட்டில் உள்ளதைச் சொன்னார். கேடிக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறை. நல்ல குடிமகன் செய்யவேண்டியதைத்தான் அவர் செய்திருக்கிறார். அதனால்தான் அந்தப் படத்தின் பயம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. சரியாக நடந்துகொண்டவனையே சட்டம் காப்பாற்றாது என்றால் அப்புறம் யாரைக் காப்பாற்றும்?

1991 படத்தில் திரைக்கதை எழுதிய வெஸ்லி ஸ்டிரிக் இந்த அச்சாணியையே பிடுங்கிவிட்டார். நிக் நோல்ட்டி நடித்த போடன், கேடியின் சொந்த வக்கீல். பாதிக்கப்பட்ட சிறுமியின் முந்தைய பழக்கவழக்கங்களைப் பற்றிய அறிக்கை ஒன்று கைக்கு வருகிறது. அதைக் கோர்ட்டில் காட்டினால் கேடிக்குத் தண்டனை குறையலாம். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைப் பார்த்த போடன் அறிக்கையை மறைத்துவிடுகிறார். எழுதப்படிக்கத் தெரியாத கேடிக்கு அப்போது எதுவும் புரியவில்லை. பதினான்கு ஆண்டுகள் உள்ளே இருந்து, எழுத்தும் சட்டமும் கற்று, தன் கேஸ் கட்டைத் தானே படித்தபோது புரிந்தது.

இங்கே பார்வையாளர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரிகிறார்கள். போடன் செய்ததுதான் சரி என்பவர்கள் உண்டு. ஒரு பெண்ணின் பழைய வாழ்க்கையைக் கிளறி அவளுக்கு நடந்த வன்முறையைச் சிறிதாக்குவது அநியாயம். அமெரிக்க மாநிலங்கள் 1970களிலிருந்து அதற்குத் தடை போட்டுச் சட்டமே இயற்றத் தொடங்கின. மனசாட்சிப்படி போடன் பக்கம் நிற்கத் தோன்றும். ஆனால் கட்சிக்காரனுக்காக வாதாடுகிறேன் என்று ஏற்றுக்கொண்ட வக்கீல், அவனுக்குத் தெரியாமலேயே அவனுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார். கட்சிக்காரன் கொடியவன் என்பதால் இந்தத் துரோகம் இல்லாமல் போய்விடாது. பார்ப்பவரை இந்த இக்கட்டில் நிறுத்திய ஒரே காரணத்துக்காகவே ஸ்கார்செஸி படத்தை 'தேவையில்லாத ரீமேக்' என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பெக்கின் போடனும் அப்படியொன்றும் அப்பழுக்கற்றவர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காவல்துறைத் தலைவர் அவருக்கு நண்பர். அந்த நட்பை வைத்துக் கேடியை ஊரைவிட்டு விரட்டப் பார்க்கிறார்கள். அது பலிக்காதபோது போடன் பணம் கொடுக்க முன்வருகிறார், பிறகு அடியாட்களை ஏவுகிறார், கடைசியில் மனைவியையும் மகளையும் தூண்டில் புழுவாக வைக்கிறார். 'பழைய படத்தில் கறுப்பும் வெள்ளையும்தான்' என்பவர்கள் இந்தப் படிப்படியான இறக்கத்தைக் கவனிக்கவில்லை. பெக்கின் கம்பீரம் அதை மறைத்துவிடுகிறது.

இனி அந்த இரண்டு கேடிகள். மிட்சம் படம் தொடங்கியதும் பனாமா தொப்பியும் சுருட்டுமாகக் கோர்ட்டுக்குள் நடந்து வருகிறார். மாடிப்படியில் புத்தகங்களைச் சுமந்து வரும் பெண் மேல் மோதி, புத்தகம் கீழே விழுகிறது. அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பிறகு போடனின் காருக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்கிறார், குரல் உயர்வதே இல்லை. போலீஸ் அவனை வேலைவெட்டி இல்லாமல் சுற்றுபவன் என்று உள்ளே தள்ளப் பார்க்கும்போது வங்கிக் கணக்குப் புத்தகத்தை நீட்டுகிறான். இந்தக் காட்சிக்கு ஒரு பின்கதை உண்டு. படம் பிடிக்கப்பட்ட ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில்தான், பதின்வயதில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த மிட்சம் இதே குற்றச்சாட்டில் பிடிபட்டு, சங்கிலி பிணைத்த கைதிகளோடு வேலைக்கு அனுப்பப்பட்டார். கேடி அந்தப் போலீஸ்காரர்களைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் சலிப்பு எனக்கு நடிப்பாகவே தெரிவதில்லை.

டி நீரோ எதிர்த்திசையில் போனார். உடல் முழுக்கப் பைபிள் வசனங்களைப் பச்சை குத்தியதுபோல் வரைந்துகொண்டார், பற்களைத் தேய்த்து அலங்கோலமாக்கிக்கொண்டார், தென்மாநிலத்துச் சபைப் பிரசங்கியின் இழுவையில் பேசினார். தியேட்டரில் முன்வரிசையில் உட்கார்ந்து சுருட்டுப் புகை சூழ அவர் சிரிக்கும் சிரிப்பும், காருக்கு அடியில் தன்னைக் கட்டிக்கொண்டு வரும் காட்சியும் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரியும் அளவுக்குப் பரவிவிட்டன. 1993இல் 'தி சிம்ப்சன்ஸ்' தொடர் ஒரு அத்தியாயம் முழுவதையும் இந்தப் படத்தைக் கேலி செய்வதற்கே ஒதுக்கியது.

ரசிகர்கள் ஒத்துப்போகாத இடம் இதுதான். மிகை என்பவர்களுக்கு நான் பாதி தூரம் வருவேன். கையில் பிடித்த சமிக்ஞைத் தீப்பந்தம் உருகித் தோலில் வழியும்போதும் கேடி அசையாமல் நிற்கும் இடத்தில் அவன் மனிதன் என்ற நினைப்பே போய்விடுகிறது. அதற்குப்பிறகு அவனிடம் பயம் குறைகிறது, வேடிக்கை கூடுகிறது. மிட்சமின் கேடி நம் தெருமுனை டீக்கடையில் நாளை வந்து உட்காரக்கூடியவன். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் டி நீரோ காட்டும் இன்னொரு பக்கத்தை மிகை என்று தள்ளிவிடக்கூடாது. தனக்கு அநியாயம் நடந்தது என்று அவன் மனதார நம்புகிறான். பாதிக்கப்பட்டவன் பேசும் மொழியைக் கொடியவன் பேசும்போது வரும் குழப்பம் மிட்சமிடம் கிடையாது. அவருக்கு எழுதிக் கொடுத்த கதையில் அதற்கு இடமும் இல்லை.

மகள் பாத்திரத்துக்கு வந்தால் என் தராசு ஒரேயடியாக 1991 பக்கம் சாய்கிறது. பழைய படத்து நான்சி நல்ல பிள்ளை, ஓடுகிறாள், ஒளிகிறாள், காப்பாற்றப்பட வேண்டியவள். பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் காலடிச் சத்தம் கேட்டு அவள் பதறும் காட்சி அருமையான சஸ்பென்ஸ், மறுக்கவில்லை. ஆனால் அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று படம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஜூலியட் லூயிஸ் நடித்த டேனியல் பதினைந்து வயதுப் பெண். அப்பாவின் சபலத்தையும் அம்மாவின் கசப்பையும் தினமும் கேட்டு வளர்ந்தவள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டாலும் சண்டைச் சத்தம் உள்ளே வரும் வீடு அது.

அவளை நாடக ஆசிரியர் என்று போனில் ஏமாற்றிப் பள்ளி அரங்குக்கு வரவழைக்கிறான் கேடி. மேடையில் ஒரு காட்டுக்குடிசை செட். சத்தம் போட யாருமில்லை, ஓடவிட்டுத் துரத்தும் எடிட்டிங்கும் இல்லை. கேடி கத்தியை எடுப்பதில்லை, மிரட்டுவதில்லை. உன் அப்பா அம்மா உன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று பரிவாகப் பேசுகிறான், பெரியவளிடம் பேசுவதுபோல் புத்தகங்களைப் பற்றிக் கேட்கிறான். இவன்தான் அவன் என்று பாதியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபிறகும் அவள் உடனே ஓடுவதில்லை.

இந்தக் காட்சியைப் பார்க்கவே முடியவில்லை, எடுத்திருக்கவே கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சங்கடம் எனக்கும் உண்டு. ஆனால் பிள்ளைகளைக் குறிவைக்கும் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள், சுருட்டும் கத்தியுமாக வருவதில்லை. வீட்டில் கேட்க ஆளில்லாத பேச்சைக் கேட்கிறவனாக வருகிறார்கள். 1962 படம் வெளியிலிருந்து வரும் ஆபத்தை மட்டும் காட்டியது. இந்தக் காட்சி அந்த ஆபத்து எந்த ஓட்டை வழியாக உள்ளே வருகிறது என்று காட்டுகிறது. டி நீரோவுக்கும் ஜூலியட் லூயிஸுக்கும் கிடைத்த ஆஸ்கர் பரிந்துரைகளுக்கு இந்த ஒரு காட்சியே போதும்.

தணிக்கையையும் இங்கே கணக்கில் எடுக்கவேண்டும். 1962இல் ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறை இன்னும் அமலில் இருந்தது. கேடியின் நோக்கத்தை நேராகச் சொல்ல வழியில்லை. பிரிட்டனிலும் படத்தை வெட்டித்தான் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு மிட்சமுக்குச் சாதகமாகவே முடிந்தது என்பது என் எண்ணம். படகு வீட்டுச் சமையலறையில், போடனின் மனைவியாக நடித்த பாலி பெர்கன் மேல் முட்டையை நசுக்கிப் பூசியபடி அவர் பேசும் இடத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம் பார்ப்பவர் மனதில் வந்து நிற்கிறது. ஸ்கார்செஸிக்கு எதையும் காட்டும் சுதந்திரம் இருந்தது, அதில் பாதியை அவர் பயன்படுத்தாமல் விட்டிருக்கலாம். கேடி ஒரு பெண்ணின் கன்னத்தைக் கடிக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை பார்க்கமாட்டார்.

இசையில் தகராறே இல்லை, ஏனென்றால் இரண்டிலும் ஒரே இசைதான். பெர்னார்ட் ஹெர்மன் 1962இல் போட்ட அந்தக் கனத்த பித்தளை வாத்திய முழக்கத்தை எல்மர் பெர்ன்ஸ்டைன் புதிய படத்துக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்தார். ஹெர்மன் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவர் இசை பழையதாகத் தோன்றவில்லை.

முடிவுக்கு வந்தால் தராசு திரும்பவும் பழைய படத்தின் பக்கம் போகிறது. பெக் கையில் துப்பாக்கி, எதிரே காயத்தோடு கேடி. சுட்டுவிடு என்கிறான். பெக் சுடவில்லை, கொன்றால் சீக்கிரம் முடிந்துவிடும், நீ கூண்டுக்குள் கிடந்து நாட்களை எண்ண வேண்டும் என்கிறார். அது கருணையா, அதைவிடப் பெரிய வன்மமா என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. படம் முழுக்க நல்லவராகவே தெரிந்த மனிதரிடமிருந்து அந்தக் குரல் வருவதுதான் அதிர்ச்சி.

ஸ்கார்செஸியிடம் இதைவிடப் பெரிய முடிவுக்கான சரக்கு இருந்தது. புயலில் ஆடும் படகில் கேடி நீதிபதியாகி, போடனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, அறிக்கையை மறைத்தாயா என்று கேட்கிறான். மனைவியும் மகளும் பார்த்திருக்க அந்த ஒப்புதல் வெளியே வருகிறது. படம் தொடக்கத்திலிருந்து சேர்த்து வைத்தது அத்தனையும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் அலை, மழை, உடையும் பலகை, எரியும் முகம் என்று சத்தம் அதை மூழ்கடித்துவிடுகிறது. ஏறத்தாழ 35 மில்லியன் டாலரில் எடுத்து உலகம் முழுக்க 180 மில்லியனுக்குமேல் வசூலித்த படத்துக்கு இந்த ஆர்ப்பாட்டம் உதவியிருக்கலாம். அந்த விசாரணை அமைதியான நீரில் நடந்திருந்தால் மூலத்தைத் தாண்டிய ரீமேக் என்று நானே வாதாடுவேன்.

இரண்டில் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் முழுப் படமாக 1962க்குத்தான் என் ஓட்டு; தனிக் காட்சி என்றால் 1991இன் அந்தப் பள்ளி அரங்கு. புதிதாகப் பார்ப்பவர்கள் கண்டிப்பாகப் பழையதிலிருந்து தொடங்கவேண்டும். ஸ்கார்செஸி தன் படத்தில் மூலத்தின் மூன்று நடிகர்களைக் கொண்டுவந்திருக்கிறார். மிட்சம் போலீஸ் அதிகாரியாக வருகிறார். அன்று காவல்துறைத் தலைவராக இருந்த மார்ட்டின் பால்சம் நீதிபதி. உத்தமப் போடனாக நடித்த கிரெகரி பெக், இந்தமுறை கேடிக்காக வாதாடும் வக்கீல். வேதவசனம் பேசியே போடனுக்கு எதிராக உத்தரவு வாங்கிக் கொடுக்கிறார். பழைய படத்தைப் பார்க்காதவருக்கு அவர் யாரோ ஒரு வெள்ளைத் தலைமுடிப் பெரியவர். பார்த்தவருக்கு, நேற்றைய சாம் போடனே இன்றைய சாம் போடனுக்கு எதிராகக் கோர்ட்டில் நின்று பேசுவது புரியும்.